சுப்பாண்டி பிறந்த கதை



சித்திரக்கதை ஒன்றைப் படித்து முடிக்கச் சில நிமிடங்களே போதும். ஆனால், அச்சில நிமிடச் சிரிப்பை உருவாக்கப் பலருடைய உழைப்பு தேவைப்படுகிறது. நீங்கள் நன்கறிந்த சுப்பாண்டியின் வரலாற்றைக் கொண்டு அவ்வுழைப்பை அறிந்துகொள்வோம்.

1967ஆம் ஆண்டு 'அமர் சித்திரக் கதை' வரிசையைத் தொடங்கியவர் அனந்த் பை. அவர் 1980ஆம் ஆண்டு 'டிங்கிள்' என்னும் சிறுவர் இதழை ஆங்கிலத்தில் மும்பையிலிருந்து வெளியிடத் தொடங்கினார். சிறுவர்கள் அவரை 'அங்கிள் பை' என்று அன்புடன் அழைத்தனர். இதழுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தபோது, ஆசிரியர் குழுவைச் சேர்ந்த சுப்பா ராவ் தொலைபேசியில் பேசியவரிடம், பிறகு 'டிங்கிள்' தருவதாகக் கூறினாராம். மணியோசையைக் குறிக்கும் அச்சொல்லே இதழின் பெயராயிற்று என்று அவ்விதழினர் நினைவுகூர்வர்.

அவ்விதழ் தன் வாசகர்களிடமிருந்தும் கதைகளை வரவேற்றது. திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த வாசகர் ஒருவர், தமிழ்நாட்டில் வாய்மொழியாக வழங்கிவந்த ஒரு வெகுளியின் கதைகளை எழுதி அனுப்பினார். ஓவியர் ராம் வயீர்கர் அவ்வெகுளிக்கு உருவம் கொடுத்தார். விந்தையான வடிவுடைய தலையுடன் 1983ஆம் ஆண்டு சுப்பாண்டி வாசகர்முன் தோன்றினான். திண்ணையில் சொல்லப்பட்ட கதை, தமிழறியாத சிறுவர்களின் இல்லங்களுக்கும் இவ்வாறு சென்று சேர்ந்தது. வயீர்கரின் மறைவுக்குப் பின், அவர் மகள் அர்ச்சனா ஆம்பேர்கர் அவ்வுருவத்தைத் தொடர்ந்து வரைந்தார்.

சித்திரக்கதையை எழுதுபவர் முதலில் கதையைக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்வார். ஒவ்வொரு கட்டத்திலும் நிகழ்வது யாது, பேசுபவர் யார் என்று குறிப்பார். ஓவியர் அதனைப் பென்சிலால் வரைந்து, பின்னர் மையிடுவார். பேச்சுக்குமிழியில் இடம் மிகக் குறைவு. ஆதலால், படம் காட்டுவதைச் சொல்லால் மீண்டும் கூறுதல் ஆகாது. அதே இதழின் வேட்டைக்காரர் சம்புவைப் பாருங்கள். தொப்பி அவர் கண்களை மறைத்துவிடுகிறது. எனவே, ஓவியர் அவரது அச்சத்தைக் கைகால்களின் நடுக்கத்தாலேயே உணர்த்துகிறார்.

சுப்பாண்டி கதைகள் பலவற்றின் அமைப்பு எளியது. நேற்றுக் கிடைத்த அறிவுரையை அவன் இன்று பொருந்தாத இடத்தில் பின்பற்றுவான். ஓர் எடுத்துக்காட்டை நாமே அமைப்போம். முதற்கட்டம்: "மாம்பழத்தை அழுத்திப் பார்த்து வாங்கு" என்கிறார் முதலாளி. இரண்டாம் கட்டம்: மறுநாள் அவனை முட்டை வாங்க அனுப்புகிறார். மூன்றாம் கட்டம்: கடைக்காரர் தலையில் கைவைத்து நிற்கிறார், சுப்பாண்டியின் கைகளில் மஞ்சட்கரு வழிகிறது. மூன்றாம் கட்டத்திற்கு உரையாடலே தேவையில்லை.

இவ்வெடுத்துக்காட்டு என் வகுப்பறையில் உருவானது. தமிழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்த தந்தையுடன் இவ்வூர் சேர்ந்த மாணவன் ஒருவன், இந்தியில் தடுமாறிப் பேசினான். உடன் பயில்வோர் அவனைச் 'சுப்பாண்டி' என்று கேலி செய்தனர். அவன் என்னிடம் வந்து, "ஐயா, தமிழர் என்றால் மூடர் என்றுதான் இக்கதையை எழுதினார்களா?" என்று கேட்டான். எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. எளிய பணியாளர் ஒருவரைப் பார்த்துச் சிரிக்கும் போக்கு இக்கதைகளில் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், இக்கதையைச் சொல்லிச் சிரித்தவர்கள் தமிழரே. அதை ஊரறிய அனுப்பியவரும் தமிழ்நாட்டவரே. மேலும், சுப்பாண்டி பொய் உரைப்பதில்லை. சொன்ன சொல்லைத் தட்டுவதுமில்லை. அரைகுறையாகக் கட்டளையிடும் முதலாளிக்கும் அத்தவற்றில் பங்குண்டு.

இவற்றை அவனிடம் கூறி, நீயே ஒரு கதை எழுது என்றேன். மறுவாரம் அவன் முட்டைக் கதையைக் கரும்பலகையில் வரைந்தான். வகுப்பே சிரித்தது. அவனும் உடன் சிரித்தான். அதன்பின் அவர்கள் அவனிடம் கேட்டது ஒன்றே: "அடுத்த கதை எப்போது?"

சொற்பொருள்
வெகுளி – கள்ளமற்றவன்
வாய்மொழி – எழுதப்படாமல் பேச்சால் வழங்குவது
போக்கு – நடைமுறை, தன்மை

சிந்தித்து எழுதுக
1. சம்புவின் அச்சத்தை ஓவியர் எவ்வாறு உணர்த்துகிறார்?
2. முட்டைக் கதையில் தவறு யாருடையது? காரணம் கூறுக.
3. உம் வீட்டுப் பெரியோரிடம் ஒரு வெகுளியின் கதையைக் கேட்டு, மூன்று கட்டங்களில் வரைக. எவர் மனமும் புண்படாதவாறு அது அமைக.