நிலவை மிரட்டலாம், குழந்தையை வேண்டாம்

அடம்பிடிக்கும் இரண்டு வயதுக் குழந்தையை அடிக்காமலே வழிக்குக் கொண்டுவர முடியும். கொஞ்சம் கற்பனையும் நிறையப் பொறுமையும் வேண்டும்.

ஒரு மார்ச் மாத மதியம். புதுதில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நாக்பூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று ஜன்னலோர இருக்கையிலிருந்து இறங்கி ஓடியது, திரும்பி வந்தது, தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தது, மறுபடி ஓடியது. மூன்று முறை "வேண்டாம்மா" என்று சொல்லிப் பார்த்த இளம் தந்தை, நான்காவது முறை சொல்லவில்லை. முதுகில் பளாரென்று ஒன்று வைத்தார்.

குழந்தை வீறிட்டு அழுதது. பத்து நிமிடத்தில் அழுகை ஓய்ந்தது. பிறகு தன் துணிப் பொம்மையை எடுத்து மடியில் குப்புறப் போட்டுக்கொண்டது. "சொன்னா கேக்க மாட்டே?" என்று கேட்டு அதன் முதுகில் ஓங்கி ஒரு அடி கொடுத்தது. அப்பாவின் வார்த்தை, அப்பாவின் தொனி, அப்பாவின் கைவீச்சு.

எதிர் இருக்கையில் இருந்த இந்தக் கட்டுரையாளர் உட்பட யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தந்தை ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

அந்த ஓர் அடியிலிருந்து குழந்தை கற்றது என்ன? ஓடும் ரயிலில் ஓடினால் விழுந்துவிடுவோம் என்பதைக் கற்கவில்லை. சற்று நேரத்தில் மறுபடி ஓடியது. பெரியவர் சொல்வதைச் சின்னவர் கேட்காவிட்டால் அடிக்கலாம் என்ற பாடம் மட்டும் ஒரே தடவையில் மனதில் பதிந்துவிட்டது.

இது ஒரு ரயில் பெட்டியின் கதை மட்டுமல்ல. மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 5 முதல் 18 வயது வரையுள்ள 12,447 குழந்தைகளிடம் பேசியது. மூவரில் இருவர் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். குடும்பத்துக்குள் அப்படி அடிபட்டவர்களில் 88.6 சதவிகிதத்தினரை அடித்தவர்கள் பெற்றோர்தாம். பள்ளியில் அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் தடைசெய்கிறது. வீட்டுக்குள் அடிப்பதற்கு அதுபோன்ற வெளிப்படையான தடை எதுவும் நம் நாட்டில் இல்லை. ஸ்வீடன் 1979லேயே அதைச் செய்துவிட்டது.

"நாங்களெல்லாம் அடிவாங்கித்தான் வளர்ந்தோம், கெட்டா போய்விட்டோம்?" என்ற கேள்வி உடனே எழும். அதற்கான பதில் 2016இல் வெளிவந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கேலர் இருவரும் ஐம்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசினர். அவற்றில் 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் இடம்பெற்றிருந்தனர். லேசாகத் தட்டுவதால் குழந்தைகளின் கீழ்ப்படிதல் கூடியதாகத் தெரியவில்லை. மாறாக முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும் அதிகம் அடிவாங்கியவர்களிடம் அதிகமாகத் தென்பட்டன.

ஏன் கீழ்ப்படிவதில்லை? முடியவில்லை, அதனால்தான். ஆசையை அடக்குவது, காத்திருப்பது, ஒன்றை நிறுத்திவிட்டு இன்னொன்றுக்கு மாறுவது ஆகியவற்றைக் கவனிக்கும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு வயதில் அது வேலையைத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதே வயதில்தான் "நான் வேறு, அம்மா வேறு" என்ற உணர்வும் தலைதூக்குகிறது. விருப்பங்கள் மலைபோல இருக்கின்றன. சொல்ல வார்த்தைகளோ கைக்கு அடங்கும் அளவுதான். இந்த இடைவெளிதான் கடைத்தெருவில் தரையில் புரண்டு அழுவதாக வெளிப்படுகிறது. குழந்தை நம்மைச் சோதிக்கவில்லை. தன்னைச் சமாளிக்கத் தெரியாமல் தவிக்கிறது.

நம் வீடுகளுக்குக் கற்பனைப் பஞ்சம் எப்போதும் இருந்ததில்லை. ஆனால் அதில் பாதி பயமுறுத்தல்தான். பூச்சாண்டி வருவான், போலீஸ் பிடித்துப் போவார், டாக்டர் ஊசி போட்டுவிடுவார். இந்தியில் இந்த வேலையை 'ஹவ்வா' செய்கிறது. பலன் உடனே கிடைக்கும், விலையைப் பிறகு கொடுக்கவேண்டும். ஊசியைக் காட்டி மிரட்டப்பட்ட குழந்தை, நிஜமாகவே காய்ச்சல் வந்து மருத்துவரிடம் போகும்போது வாசலிலேயே அலறும். தொலைந்துபோன குழந்தை போலீஸ்காரரைக் கண்டால் ஓடி ஒளியும்.

மீதிப் பாதி அபாரமானது. சோறூட்ட நிலவைக் காட்டியதைவிடச் சிறந்த திசைதிருப்பலை எந்த நிபுணரும் கண்டுபிடித்துவிடவில்லை. பிள்ளைத்தமிழில் குழந்தை தளர்நடை பயிலும் வருகைப் பருவத்தை அடுத்து வருவது அம்புலிப் பருவம். குழந்தையோடு விளையாட வா என்று நிலவை அழைக்கும்போது சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நான்கு உபாயங்களையும் பயன்படுத்துவது மரபு. கவனிக்கவேண்டியது இரண்டு. தண்டம் கடைசியில்தான் வருகிறது. அதுவும் குழந்தைக்கு அல்ல, நிலவுக்கு!

இன்று நிலவின் இடத்தைச் செல்போன் பிடித்துக்கொண்டுவிட்டது. இரண்டு வயதுக்குக் கீழே எந்தத் திரையும் வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமான 'இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ்' 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அழும்போதெல்லாம் போனைக் கையில் கொடுத்தால், அழுதால் போன் கிடைக்கும் என்பதைத்தான் குழந்தை படித்துக்கொள்கிறது.

அடியும் பயமும் இல்லாமல் சின்னஞ்சிறு குழந்தைகளை நடத்த முடியும் என்று இந்த மண்ணிலேயே செய்துகாட்டியவர்கள் உண்டு. குஜராத்தின் பாவ்நகரில் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்த கிஜுபாய் பதேகா 1920இல் பாலமந்திர் என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கினார். கதையும் பாட்டும் விளையாட்டுமாகவே அது நடந்தது. பிரம்புக்கு அங்கே வேலை இல்லை. மக்கள் அவருக்கு வைத்த பெயர் 'மீசைவைத்த அம்மா'. அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக், பிற்காலத்தில் அனுதாய் வாகுடன் சேர்ந்து மகாராஷ்டிரத்தின் கோஸ்பாட் பகுதியில் ஆதிவாசிக் குழந்தைகளுக்காக உழைத்தார். குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. அவர் அவர்களைக் கண்டிக்கவில்லை. பள்ளியை அவர்கள் குடிசை முற்றத்துக்குக் கொண்டுபோனார். அங்கன்வாடி என்ற எண்ணத்தின் வேர்களில் ஒன்று அந்த முற்றம்.

குழந்தையை மாற்ற முடியாதபோது சூழ்நிலையை மாற்று. வீட்டுக்கும் இதே சூத்திரம்தான். அதைச் செயலாக்கச் சில வழிகள்:

முதலில் வயிற்றையும் தூக்கத்தையும் பாருங்கள். அடத்தில் பெரும்பங்கு பசியாலும் களைப்பாலும் வருவது. தூங்கவேண்டிய நேரத்தில் கடைக்கு அழைத்துப்போனால் தப்பு யாருடையது?

உத்தரவைத் தேர்வாக மாற்றுங்கள். "குளிக்க வர்றியா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்பது நிச்சயம். "சிவப்புக் குவளையா, நீலக் குவளையா?" என்று கேட்டால் குளிப்பது முடிவாகிவிட்டது, குவளை மட்டும் குழந்தையின் அதிகாரம். இரண்டு வயதுக்காரருக்கு அந்த அதிகாரம் பெரிது.

வேலையை விளையாட்டாக்குங்கள். சிதறிக் கிடக்கும் பொம்மைகள் கூடை என்ற ஸ்டேஷனுக்குப் போகும் பயணிகள் ஆகட்டும். பல் தேய்க்கும்போது வாய்க்குள் ஒளிந்திருக்கும் இட்லியைத் தேடலாம்.

செய்யக்கூடாததைவிடச் செய்யவேண்டியதைச் சொல்லுங்கள். "ஓடாதே" என்றால் காதில் விழுவது "ஓடு"தான். "என் விரலைப் பிடிச்சுக்கோ" என்றால் என்ன செய்வது என்று தெரிகிறது.

முன்கூட்டியே சொல்லுங்கள். ஐந்து நிமிடம் என்பது இந்த வயதில் புரியாது. "இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டு வீட்டுக்குப் போறோம்" என்பது புரியும்.

தப்புக்குப் பரிகாரத்தைக் கையிலேயே கொடுங்கள். தண்ணீரைக் கொட்டினால் ஒரு துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொல்லலாம். சுத்தமாக வராது. ஆனால் செயலுக்கும் விளைவுக்கும் உள்ள உறவு புரியும்.

உணர்ச்சிக்குப் பெயர் வையுங்கள். "பலூன் வெடிச்சுப் போச்சேன்னு கோபமா இருக்கா?" என்று மடியில் வைத்துக் கேளுங்கள். இன்று நீங்கள் கொடுக்கும் வார்த்தையை நாளை குழந்தை உதைப்பதற்குப் பதிலாகப் பயன்படுத்தும்.

அடிக்காமல் வளர்ப்பது என்றால் கேட்டதையெல்லாம் கொடுப்பது என்று அர்த்தமில்லை. அடுப்பு, மாடிப்படி, சாலை, பிளக் பாயிண்ட் ஆகியவற்றில் பேச்சுவார்த்தையே கிடையாது. தூக்கி அப்பால் வைத்துவிட்டு ஒரே வரியில் காரணம் சொன்னால் போதும். தம்பியைக் கடித்தால் கையைப் பிடித்து நிறுத்தி, "கடிச்சா வலிக்கும்" என்று நிதானமாகச் சொல்லவேண்டும். நாளைக்கும் அதையே சொல்லவேண்டியிருக்கும். அம்மா மறுத்ததைத் தாத்தா கொடுத்தால் குழந்தைக்குக் குழப்பம்தான் மிஞ்சும். ஆகவே வீட்டுப் பெரியவர்கள் முதலில் தங்களுக்குள் பேசிவைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, பெற்றோரைப் பற்றி. மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வேலை நிமித்தம் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பாட்டியும் இல்லை, அத்தையும் இல்லை. இரண்டு பேர், ஒரு குழந்தை, மூன்று சுவர்க்கடிகாரம் என்று ஓடுகிற வீடு. அங்கே விழும் அடி பெரும்பாலும் குழந்தையின் தப்புக்காக விழுவதில்லை. தாமதமான பஸ்ஸுக்கும் அலுவலகத்து ஏச்சுக்கும் சேர்த்து விழுகிறது. கை உயரும்போது செய்யவேண்டிய காரியம் ஒன்றுதான்: குழந்தையைப் பத்திரமான இடத்தில் உட்காரவைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருவது. அடித்துவிட்டாலும் கதை முடிந்துவிடவில்லை. "அப்பா அடிச்சது தப்பு" என்று சொல்லலாம். மன்னிப்புக் கேட்பதையும் குழந்தை நம்மிடம்தானே கற்கவேண்டும்?

அந்த ரயிலில் அன்று மாலை, நாக்பூரில் வாங்கிய ஆரஞ்சுப் பழங்களைப் பக்கத்து இருக்கை அம்மாள் ஒருவர் பிரித்தார். ஒன்றை உரித்துக் குழந்தையின் கையில் வைத்து, பெட்டியில் இருக்கும் எல்லாருக்கும் ஆளுக்கொரு சுளை கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். குழந்தை நடந்தது. ஓடவில்லை. சுளை கீழே விழக்கூடாதே!

கடைசிச் சுளை பொம்மைக்குப் போனது. அதற்கு முந்தியது அப்பாவுக்கு.