விரல் படித்த எழுத்து

எழுத்து கண்ணுக்கே உரியது என்று உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. பாரிசு நகரில் பார்வையற்றோர் பயின்ற பள்ளியிலும், கண்ணுள்ளோர் படிக்கும் எழுத்துகளையே தாளில் புடைப்பாக அச்சிட்டனர். அவற்றின் வளைவுகளை விரலால் தடவி அறிதல் அரிதாயிற்று.

அப்பள்ளியில் பயின்றவர் லூயி பிரெயில். 1809-இல் பிறந்த அவர், மூன்றாம் வயதில் தந்தையாரின் சேணப் பட்டறையில் குத்தூசி பட்டுப் பார்வை இழந்தவர். பார்பியே என்னும் படை அதிகாரி வகுத்த பன்னிரு புள்ளி முறையை அவர் கற்றார். பன்னிரண்டும் ஒரு விரல்நுனியில் அடங்கவில்லை. ஆகவே அவற்றை ஆறாகக் குறைத்தார். ஆறு புள்ளிகளால் 63 குறிகள் அமைந்தன. அம்முறை 1829-இல் நூலாக வெளிவந்தது.

1834-இல் ஜெர்மானிய அறிஞர் வேபர், கவராயத்தின் இரு முனைகளைத் தோலில் வைத்துத் தொடுபுலனைத் தாம் அளந்த முடிவுகளை வெளியிட்டார். விரல்நுனி ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியையும் உணர்ந்தது; முதுகோ, முனைகள் சில சென்டிமீட்டர் விலகி நின்றும் இரண்டை ஒன்றென்றே கொண்டது. பிரெயில் தம் விரலால் தெளிந்ததற்கு அளவுகோல் கிடைத்தது எனலாம்.

பிரெயில் 1852-இல் மறைந்தார். ஈராண்டு கழித்தே பிரெஞ்சு நாடு அவர்தம் எழுத்தை ஏற்றது! இன்று கணிப்பொறியில் உள்ள செய்தியும், எழுந்து தாழும் சிறு முனைகளாய் விரலின்கீழ் வந்து நிற்கின்றது. கருவி மாறினும் படிப்பது விரலே. பயன்கொள்வோர் புலனுக்கு இயைந்த கருவியே நற்கருவி அன்றோ?