ஹாபிழ் மாணவர்களின் துரித ஓ.எல். வகுப்பு: கணிதத்தில் இடறுவது எங்கே?

கடந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து ஓரிரு வாரங்களில் ஒரு தந்தை தன் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மகனுக்குப் பதினைந்து வயது. தரம் ஐந்தோடு பாடசாலையை விட்டு ஹிப்ழ் மத்ரஸாவில் சேர்ந்து, நான்கு வருடங்களில் திருக்குர்ஆனை முழுமையாக மனனம் செய்து முடித்த பிள்ளை. இப்போது ஒரே வருடத்தில் சாதாரண தரத்துக்குத் தயாராகும் துரித வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள்.

"பரீட்சைக்கு இன்னும் பத்து மாதம் இருக்கு சேர். மத்தப் பாடமெல்லாம் பிள்ளை சமாளிப்பான். மெத்ஸ மட்டும் நீங்க எப்படியாச்சும் பாஸாக்கித் தாங்க" என்றார்.

நான் அந்தப் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து, எட்டில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி, பதினான்கில் இரண்டு என்று எழுதினான். எழுதுவதில் தயக்கமே இல்லை. அழகான கையெழுத்து வேறு.

"தம்பி, ஸூரதுன் நிஸாவில் வாரிசுப் பங்குகள் வரும் வசனங்கள் தெரியும்தானே?" என்று கேட்டேன். 11ஆம், 12ஆம் வசனங்களை ஒரு தடங்கலும் இல்லாமல் ஓதினான். பிறகு ஒரு கணக்கைச் சொன்னேன். ஒருவர் மனைவி, தாய், ஒரு மகன் ஆகியோரை விட்டு மரணிக்கிறார். கடன், வஸிய்யத் எல்லாம் போக 24 இலட்சம் ரூபா இருக்கிறது. பிள்ளை இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. மீதி மகனுக்கு. மனைவிக்கு 3 இலட்சம், தாய்க்கு 4 இலட்சம் என்று மனதாலேயே சொல்லிவிட்டான். இரண்டும் சேர்ந்தால் 7 இலட்சம். "அப்ப 24இல் 7. நீ எழுதின பதினான்கில் இரண்டு எவ்வளவு வரும்?" என்றேன். வகுத்துப் பார்த்தான். ஏறத்தாழ 3 இலட்சத்து 43 ஆயிரம். தாயின் பங்கு மட்டுமே அதைவிடக் கூட. பிள்ளை தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தான் எழுதியதைத் தானே வெட்டினான்.

அவனுக்கு மூளை போதாது என்று யாரும் சொல்ல முடியாது. அவன் இழந்தது நான்கு வருடக் கணிதத்தை. அதைப் பத்து மாதத்தில் ஈடுசெய்வது எப்படி, அது எந்தளவு சாத்தியம் என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை. ஹிப்ழ் முடித்த ஆண், பெண் பிள்ளைகளுக்குச் சில வருடங்களாகக் கணிதம் கற்பித்து வருபவன் என்ற வகையில், நான் செய்த பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மற்றப் பாடங்களில் முடிவது இதில் ஏன் முடிவதில்லை?

துரித வகுப்பு என்பது தரம் 6 முதல் 11 வரையான ஆறு வருடப் பாடத்தை ஒன்று அல்லது இரண்டு வருடங்களில் முடிப்பது. இஸ்லாம் பாடத்தில் இந்தப் பிள்ளைகள் ஏற்கனவே முன்னால் நிற்கிறார்கள். வரலாற்றில் தரம் 7இன் பாடம் தெரியாமலேயே தரம் 11இன் பாடத்தைப் படித்து விடை எழுதலாம். தமிழில் வாசிப்பு இருந்தால் இலக்கணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். மனனப் பயிற்சி பெற்ற மூளை இந்தப் பாடங்களை வேகமாக உள்வாங்குகிறது. ஆறு மாதத்தில் நல்ல புள்ளி வாங்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பாடசாலை ஆசிரியர்களே வியந்திருக்கிறார்கள்.

கணிதம் படிக்கட்டு போன்றது. தரம் 11இல் வரும் அட்சரகணிதப் பின்னங்களைச் சுருக்க, தரம் 9, 10இல் படித்த காரணிப்படுத்தல் வேண்டும். காரணிப்படுத்த, திசைகொண்ட எண்களைக் கூட்டவும் பெருக்கவும் தெரிய வேண்டும். அது கீழ்த் தரங்களில் படிப்பது. ஒரு படி இல்லாவிட்டால் அதற்கு மேலுள்ள எல்லாப் படிகளும் ஆடும். பிள்ளையோ "எனக்கு மெத்ஸ் ஓடாது" என்று முடிவு கட்டிவிடுகிறது.

அதோடு, மனனத்தில் கிடைத்த பலமே கணிதத்தில் ஒரு பொறியாகவும் மாறுவதைக் கண்டிருக்கிறேன். இந்தப் பிள்ளைகள் செய்துகாட்டிய கணக்கை வரிக்கு வரி அப்படியே ஒப்புவிப்பார்கள். ஆசிரியருக்கும் சந்தோஷம், பெற்றோருக்கும் சந்தோஷம். எண்ணை மாற்றிக் கொடுத்தால் நின்றுவிடுவார்கள்.

எனது முதல் பிழை இதில்தான் நடந்தது. ஆரம்பத்தில் என்னிடம் வந்த ஒரு குழுவுக்கு முதல் நாளிலிருந்தே கடந்தகால வினாத்தாள்களைச் செய்வித்தேன். பத்து வருட வினாத்தாள்கள், ஒன்றுக்கு மூன்று தடவை. மாதிரிப் பரீட்சைகளில் நல்ல புள்ளி வந்தது, ஏனென்றால் மாதிரி வினாக்களையும் அவற்றிலிருந்தே எடுத்திருந்தேன். உண்மையான பரீட்சையில் வினாக்கள் வேறு உருவில் வந்தன. அந்தக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் கணிதத்தில் சித்தியடையவில்லை. அவர்களில் சிலர் வேறு எல்லாப் பாடங்களிலும் ஏ, பீ வாங்கியிருந்தார்கள்.

உயர் தரத்துக்கு வழமையாகக் கேட்கப்படும் தகைமை, கணிதமும் தாய்மொழியும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அவற்றில் மூன்றில் திறமைச் சித்தி. கணிதம் போனால் பெரும்பாலான வாசல்கள் அங்கேயே மூடிக்கொள்கின்றன. பல தொழிற்கல்விப் பாடநெறிகளும் அரச வேலை விண்ணப்பங்களும் இதே கேள்வியைக் கேட்கின்றன. ஊரெல்லாம் ஹாபிழ் என்று கௌரவித்த ஒரு பிள்ளை, பதினேழு வயதில் தான் எதற்கும் லாயக்கில்லை என்று நினைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய நஷ்டம்!

வினாத்தாள் எதைக் கேட்கிறது?

சாதாரண தரக் கணிதத்துக்கு இரண்டு வினாத்தாள்கள். முதலாவது இரண்டு மணித்தியாலம். அதில் 25 குறுவினாக்களுக்கு 50 புள்ளி, ஐந்து அமைப்புக் கட்டுரை வினாக்களுக்கு 50 புள்ளி. இரண்டாவது மூன்று மணித்தியாலம். 12 வினாக்களில் பத்துக்கு விடையளிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. இரண்டும் சேர்ந்து 200, அதன் பாதியே இறுதிப் புள்ளி. கணிப்பானுக்கு அனுமதி இல்லை. மடக்கை அட்டவணை மட்டும்தான்.

சாதாரண சித்திக்கான எல்லையை 35 என்று வைத்து நாங்கள் கணக்குப் போடுவோம். அதாவது 200க்கு 70. அடிப்படை உறுதியான ஒரு பிள்ளை 25 குறுவினாக்களில் 18ஐச் சரியாகச் செய்தால் 36 புள்ளி. முதலாம் வினாத்தாளின் இரண்டாம் பகுதியில் பின்னம், சதவீதம், பரப்பளவு, நிகழ்தகவு போன்றவற்றில் 20 புள்ளி எடுத்தால் மொத்தம் 56. இரண்டாம் வினாத்தாளில் இன்னும் 14 போதும். தொடைகள், வரைபு, இடை காணல் ஆகியவற்றில் ஒழுங்காகப் பயின்ற பிள்ளைக்கு இது எட்டாத தூரம் இல்லை.

இந்தக் கணக்கை நான் காட்டுவது வெறும் சித்தியோடு திருப்திப்படச் சொல்வதற்கு அல்ல. குறுவினாக்களில் பெரும்பகுதி கீழ்த் தரங்களின் அடிப்படையிலிருந்தே வருகிறது. ஆனால் துரித வகுப்புகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. முதல் நாளே தரம் 11 புத்தகத்தைத் திறந்து மடக்கையில் தொடங்குகிறார்கள். புள்ளி இலேசாகக் கிடைக்கும் இடத்தை விட்டுவிட்டு, கடினமாகக் கிடைக்கும் இடத்தில் நேரத்தைச் செலவிடுகிறார்கள்.

நல்ல டியூஷன் எப்படித் தொடங்க வேண்டும்?

இப்போது நான் செய்வது இது. முதல் வாரத்தில் கற்பிப்பதே இல்லை. தரம் 6 முதல் 9 வரையான பாடங்களிலிருந்து நாற்பது சிறு வினாக்களைக் கொடுத்து, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்கிறேன். ஒரே வகுப்பில் ஒருவருக்குத் தசமம் வராது, இன்னொருவருக்குச் சமன்பாடு வராது. எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது. பன்னிரண்டு, பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்தால் இந்த வேலை நடக்காது. அறுபது பேர் இருக்கும் மண்டபத்தில் ஆசிரியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நடக்காது.

அடுத்த மூன்று, நான்கு மாதங்கள் அடிப்படைக்கு. திசைகொண்ட எண்கள், பின்னம், தசமம், விகிதம், சதவீதம், எளிய சமன்பாடு, காரணி, கோணங்கள், பரப்பளவு. இதற்குத் தனியான புத்தகம் வாங்கத் தேவையில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் தமிழில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதன் பிறகே தரம் 10, 11. கடைசி மூன்று மாதங்களில்தான் கடந்தகால வினாத்தாள்.

தினசரிப் பயிற்சிக்கு ஹிப்ழ் முறையையே எடுத்துக்கொள்கிறேன். எந்த உஸ்தாதும் புதிய பாடத்தை மட்டும் கேட்டுவிட்டுப் பிள்ளையை அனுப்பமாட்டார். புதிய பாடம், அண்மையில் முடித்த பாடம், பழைய ஜுஸ்உ மூன்றையும் தினமும் கேட்பார். நானும் ஒவ்வொரு நாளும் பத்துக் கணக்குக் கொடுப்பேன். நான்கு புதியது, மூன்று சென்ற வாரத்தது, மூன்று சென்ற மாதத்தது. எண்கள் மாறியிருக்கும். இந்த ஒழுங்கு ஹாபிழ் பிள்ளைகளுக்குப் பழகிய ஒன்று, முகம் சுளிக்காமல் செய்கிறார்கள். மற்றப் பிள்ளைகளிடம் இந்தப் பொறுமையைக் காண்பது அரிது.

பின்னத்தை வாரிசுரிமையிலிருந்தும், சதவீதத்தை ஸகாத்திலிருந்தும் தொடங்குகிறேன். இது புதிய யுக்தி இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அட்சரகணித நூலை எழுதிய அல்-குவாரிஸ்மி, அந்த நூலின் கடைசிப் பகுதியை வஸிய்யத், வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். மார்க்கக் கல்வியும் கணிதமும் இரண்டு கரைகளில் நிற்பதாக நாம்தான் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டோம்.

மத்ரஸாக்களிடம் ஒரு கோரிக்கை

இந்தப் பிரச்சினையின் வேர் டியூஷன் வகுப்பில் இல்லை. நான்கு வருடம் கணிதமே இல்லாமல் விடுவதில் இருக்கிறது. நமது நாட்டில் கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை. ஹிப்ழ் காலம் முழுவதும் அதற்குள்தான் வருகிறது.

ஹிப்ழ் வருடங்களில் வாரத்துக்கு நான்கு நாட்கள், நாளுக்கு நாற்பது நிமிடம் கணிதத்துக்கு ஒதுக்கினால் போதும். வருடத்தில் நாற்பது வாரம் என்று வைத்தால் ஏறத்தாழ 106 மணித்தியாலம். மூன்று வருடத்தில் 320. கடைசி வருடத்தில் வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் டியூஷனுக்கு அனுப்பினால் கிடைப்பது 80 மணித்தியாலம்தான். அதற்குப் பெற்றோர் கொடுக்கும் பணமும் கொஞ்சமல்ல.

மனனத்துக்கு நேரம் போதாது என்று உஸ்தாத்மார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஸுப்ஹுக்குப் பிந்திய நேரத்தையும் மஃரிபுக்குப் பிந்திய நேரத்தையும் நான் கேட்கவில்லை. அஸருக்கு முன் பிள்ளைகள் சோர்ந்திருக்கும் நேரம் ஒன்று உண்டு. ஊரில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிவாசல் நிர்வாகங்கள் பேசினால் மறுக்கமாட்டார்கள். சில மத்ரஸாக்கள் ஹிப்ழோடு பாடசாலைக் கல்வியையும் சேர்த்து நடத்துகின்றன. அங்கிருந்து வரும் பிள்ளைகள் என் வகுப்பில் முதல் வாரமே வேறாகத் தெரிகிறார்கள்.

பெற்றோரும் பணம் கட்டுவதற்கு முன் மூன்று விடயங்களைக் கேளுங்கள். என் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று சோதித்துப் பார்ப்பீர்களா? வகுப்பில் எத்தனை பேர்? தரம் 6 முதல் 9 வரையான பாடத்துக்கு எத்தனை மாதம்? மூன்றாவது கேள்விக்கு "அதெல்லாம் தேவையில்லை, நேராகப் பேப்பர் செய்விப்போம்" என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

அந்தத் தந்தையிடம் நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. "இந்த வருஷம் வேணாம், அடுத்த வருஷம் எழுதட்டும். அப்ப கணிதத்துக்கு முழுசா ஒண்டரை வருஷத்துக்கு மேல கிடைக்கும்" என்றேன். அவனோடு பாடசாலையில் படித்த பிள்ளைகளெல்லாம் இந்த வருடம் எழுதுகிறார்களே என்பதுதான் அவரது கவலை. அது சாதாரண கவலை இல்லை. பின்தங்கிவிடக் கூடாது என்பதற்காகவே துரித வகுப்பைத் தேடிப் போனவர் அவர். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து சம்மதித்தார்.

பிள்ளை இப்போது காரணிப்படுத்தலில் நிற்கிறான். இன்னும் பிழை விடுகிறான். ஆனால் விடை வந்ததும் அதைப் பொருத்திப் பார்த்து, சரியா என்று தானே சோதிக்கிறான், பிழையென்றால் தானே வெட்டுகிறான். பரீட்சை இன்னும் வரவில்லை. அவன் நல்ல பெறுபேறு பெற வாசகர்களும் துஆச் செய்யுங்கள்.