ஒட்டுமரங்களுக்கு அலுமினியப் பெயர்த்தகடு

மாந்தோப்பு வைக்கும் குடியானவர் வாங்கிவரும் ஒட்டுக்கன்றுகளில், இனத்தின் பெயர் எழுதிய சீட்டுக் கட்டியிருப்பது வழக்கம். காகிதச் சீட்டு ஒரு மழைக்காலத்துக்கும் தாங்குவதில்லை. சீட்டு அழிந்தபின், இளங்கன்றுகளுள் நீலம் எது, பெங்களூரா எது என்று பிரித்தறிதல் எளிதன்று. ஒட்டுமா காய்ப்புக்கு வர மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் செல்லும். வேண்டாத இனத்தை வளர்த்தது அப்பொழுதே தெரியவரும். அதற்குள் நிலமும் நீரும் எருவும் வீணாகிவிடும். அத்தகைய மரத்தினின்று ஒட்டுக்கட்டக் கிளை எடுத்தால், அப்பிழை பிறர் தோப்புகளுக்கும் பரவும்.

இதற்குப் பரிகாரம் அலுமினியத் தகடு. இரும்பு துருப்பிடிக்கும், மரப்பலகையைக் கறையான் அரிக்கும். அலுமினியமோ காற்றுப்பட்டவுடன் தன்மேல் மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்கிக்கொள்வதால் மழையிலும் வெயிலிலும் எளிதிற் கெடுவதில்லை. 1898-ஆம் ஆண்டில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரெட் சாட்டர்டன் இவ்வுலோகத்தால் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். இன்று இது யாவர்க்கும் பழகிய பொருள்.

22 கேஜ் கனமுள்ள தகடு போதுமானது. ஓரடிச் சதுரத் தகட்டில் 3 அங்குல நீளமும் 1 அங்குல அகலமும் உள்ள 48 துண்டுகள் கிடைக்கும். ஓட்டை விழுந்த பழைய பாத்திரத்தின் தகடும் உதவும். அது விறைப்பாயிருந்தால், சலவைச் சோப்பைத் தேய்த்து மெல்லச் சூடாக்கி, சோப்புக் கறுத்தவுடன் நெருப்பினின்று எடுத்துவிட வேண்டும். அலுமினியம் இரும்பைப்போல் சிவந்து எச்சரியாது. 660 பாகை வெப்பத்தில் திடீரென உருகிவிடும். ஆறியபின் மரச்சுத்தியால் தட்டிச் சமன்செய்யலாம்.

தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டுங்கால், அலகுகளை நுனிவரை மூடலாகாது. மூடினால் ஓரம் பிசிறும். மூலைகளை அரத்தால் மழுக்குக. அரத்தின் பற்களில் அலுமினியத் தூள் அடைத்துக்கொள்ளுமாதலால், முதலில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொள்வது நலம். தகட்டைச் சமமான இரும்பின்மேல் வைத்து, எண் அச்சுகளால் ஒவ்வோர் எண்ணையும் ஒரே அடியிற் பதிக்க வேண்டும். துளை ஓரத்தினின்று கால் அங்குலம் உள்ளே இருக்கட்டும். இன்றேல் காற்றில் ஆடிக் கிழிந்துபோம்.

கட்டுவதற்கு அலுமினியக் கம்பியே தக்கது. செம்புக் கம்பி ஈரத்தில் அலுமினியத்தை அரித்துவிடும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையும் அவ்வாறே கெடுப்பதால், மருந்து தெளிக்குமுன் தகடுகளைக் கழற்றி, பின்னர் மாட்டுக. கம்பியைப் பக்கக்கிளையில் தளர்வாகக் கோத்து, ஆண்டுக்கொருமுறை பார்த்துத் தளர்த்த வேண்டும். இறுகிய கம்பி பட்டையை அறுத்துக் கிளையைக் கொன்றுவிடும்.

சாலையோரப் புளியமரங்களின் மகசூலைக் குத்தகைக்கு விடுவோர்க்கும் இம்முறை பயன்படும். பெருமரங்களில் தகட்டை அலுமினிய ஆணியால் அடித்து, ஆணி ஓரங்குலம் வெளியே நிற்குமாறு விடுக. மரம் பருக்கும்போது தகட்டை விழுங்காதிருக்கும்.

தகட்டில் உள்ள எண்ணையும், இனத்தையும், நட்ட தேதியையும், வரிசையையும் ஒரு புத்தகத்தில் பதிந்துவைத்தல் இன்றியமையாதது. தகடு தொலைந்தாலும் புத்தகம் மரத்தைக் காட்டும்.