அன்றாட உளைச்சலும் உடல் நலமும்

தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலை வகுத்து, உள்ளத்தில் தோன்றும் உணர்வுகள் எண்வகையாக உடம்பில் வெளிப்படும் திறத்தை உரைத்தார். அவ்வெட்டனுள் அச்சமும் வெகுளியும் அடங்கும். மெய்ப்பாடு என்னும் சொல்லே மெய்யின்கண் தோன்றுவது என்று பொருள்படும். அச்சமுற்றவன் நடுங்குவதையும் சினமுற்றவன் கண் சிவப்பதையும் கண்ணுடையார் எவரும் காணலாம். ஆனால் தோலுக்குக் கீழே, குடலிலும் குருதியிலும் நெஞ்சிலும் மறைவாக நிகழும் மெய்ப்பாடுகள் யாவை? அவற்றைக் கண்டறிய இருபதாம் நூற்றாண்டு உடலியல் வல்லுநர்கள் வரவேண்டியிருந்தது. அவர்கள் கண்டவற்றுள் நம் மக்களுக்கு இன்றியமையாத சிலவற்றை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஆங்கிலத்தில் ஸ்ட்ரெஸ் என வழங்கும் சொல் பொறியியலிலிருந்து மருத்துவத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு கம்பியின்மீது செயற்படும் விசையை அது குறிக்கும். அவ்விசையால் கம்பி நீள்வதைக் குறிக்க ஸ்ட்ரெயின் என்ற வேறு சொல் உண்டு. முன்னைய சொல்லை மருத்துவ உலகில் பரப்பிய ஹான்ஸ் செலியே வியன்னாவில் 1907-இல் பிறந்து கனடாவில் பணியாற்றியவர். ஆங்கிலத்தில் தமக்குப் போதிய தேர்ச்சி இருந்திருப்பின் இரண்டாவது சொல்லையே எடுத்தாண்டிருப்பேன் என்று அவரே பிற்காலத்தில் கூறினார். ரப்பர் நாட்டில் வாழும் நமக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். இழுக்கும் கை வேறு. இழுபடும் ரப்பர் வேறு. தமிழில் நாம் இதனை மன அழுத்தம் என்று எழுதிவருகிறோம். மனச்சோர்வு என்னும் நோய்க்கும் அதே பெயரை இடுவதால் குழப்பம் விளைகிறது. அன்றாட நெருக்கடியால் வருவது ஒன்று. காரணம் நீங்கியபின்னும் நீங்காது ஆளையே முடக்கிப்போடும் நோய் மற்றொன்று. ஆதலின் இக்கட்டுரையில் முன்னதை உளைச்சல் என்றே குறிப்பேன். நாள் முழுதும் நின்றவர் கால் உளைகிறது என்கிறார். கவலையுற்றவர் மனம் உளைகிறது என்கிறார். உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட நம் முன்னோர் விவரம் தெரிந்தவர்களே.

எக்ஸ் கதிர் 1895-இல் கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள், அமெரிக்காவின் ஹார்வர்டில் மருத்துவ மாணவராயிருந்த வால்ட்டர் கேனன் அக்கதிரின் உதவியால் பூனையின் வயிற்றில் உணவு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை அமைதியாக இருக்கும்வரை இரைப்பை அலை அலையாய் அசைந்தது. பூனை அஞ்சியபோதும் சீறியபோதும் அவ்வசைவு உடனே நின்றுபோயிற்று! இச்சிறு காட்சியைப் பற்றிக்கொண்டு அவர் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். 1915-இல் அதனை நூலாக வெளியிட்டார். ஆபத்தைக் கண்ட உடல் எதிர்த்துப் போராடவோ தப்பி ஓடவோ தன்னை ஆயத்தப்படுத்திக் கொள்கிறது என்பதே அவர் கண்ட உண்மை.

வெளிக்காட்டில் பால் வெட்டும் ஒருவர் காலடியில் பாம்பைக் காண்கிறார் என்று கொள்வோம். அவர் எண்ணிப் பார்ப்பதற்கு முன்னரே மூளையிலிருந்து நரம்பு வழியே கட்டளை பிறந்துவிடுகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி கவிழ்த்தாற்போல் அமர்ந்திருக்கும் இரு சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரைக் குருதியில் கலக்கின்றன. நெஞ்சு விரைந்து அடிக்கிறது, மூச்சு பெருகுகிறது, கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை வெளியிடுகிறது, குருதி வயிற்றை விட்டுக் கைகால் தசைகளுக்குப் பாய்கிறது. வாய் உலர்வதும் உள்ளங்கை வேர்ப்பதும் இதன் பக்க விளைவுகளே. சில நிமிடங்கள் கழித்து, அதே சுரப்பிகளின் புறப்பகுதி கார்ட்டிசால் என்னும் மற்றொரு நீரைச் சுரக்கிறது. செலவான ஆற்றலை ஈடுசெய்யச் சர்க்கரையை உயர்த்தி வைப்பதும், உடனடித் தேவையல்லாத வேலைகளை ஒத்திவைப்பதும் அதன் தொழில். பாம்பு புதருக்குள் சென்று மறைந்தபின் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். இதில் நோய் எதுவுமில்லை. இவ்வேற்பாடு இல்லையேல் மனித இனம் இத்துணைக் காலம் வாழ்ந்திராது.

கேடு எங்கே வருகிறது? பாம்பு இரண்டு நிமிடத்தில் போய்விடும். கடன் போகாது. வட்டிக்காரன் வாசலில் வந்து நிற்பான் என்ற நினைப்புக்கும் பாம்புக்கும் உடல் வேற்றுமை காண்பதில்லை. இரண்டுக்கும் அதே அட்ரினலின், அதே கார்ட்டிசால். ஓடவும் முடியாமல் போராடவும் முடியாமல் நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் குருதியில் ஏறிய சர்க்கரைக்கு வேலையில்லை; உயர்ந்த அழுத்தத்துக்கும் வேலையில்லை. இந்நிலை மாதக்கணக்கில் நீடித்தால் இரத்தக் கொதிப்பு தலைகாட்டுகிறது, இனிப்பு நீர் உள்ளவருக்கு அது கட்டுக்கடங்குவதில்லை, இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, தூக்கம் கெடுகிறது. நோயை எதிர்க்கும் ஆற்றலும் குன்றும். 1991-இல் ஷெல்டன் கோஹன் என்பவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், மனமுவந்து முன்வந்த ஏறத்தாழ 400 பேருக்குச் சளிக் கிருமியை மூக்கில் இட்டுப் பார்த்தனர். உளைச்சல் மிகக் குறைந்தவர்களுள் நூற்றுக்கு 27 பேருக்குச் சளி கண்டது. மிகுந்தவர்களுள் 47 பேருக்குக் கண்டது. 1995-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு உள்ளத்தைத் தொடுவது. நினைவிழந்த உறவினரை வீட்டில் வைத்துப் பேணிவந்த 13 பெண்களுக்கும், அத்தகைய பாரமில்லாத 13 பெண்களுக்கும் கையில் ஒரே அளவான சிறு புண் உண்டாக்கி ஆறும் நாளைக் கணக்கிட்டனர். பாரம் சுமந்த பெண்களின் புண் ஆற ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. படுத்த படுக்கையான மாமியாரைப் பல்லாண்டு கவனித்துவரும் மருமகள்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்!

ஆயினும் எல்லா நோயையும் மனத்தின் தலையில் சுமத்திவிடக் கூடாது. செலியே தம் எலிகளில் கண்ட மூன்று மாற்றங்களுள் வயிற்றுப் புண்ணும் ஒன்று. அதைக்கொண்டு மனிதரின் வயிற்றுப் புண்ணுக்குக் கவலையே வேர் என்று மருத்துவர்களும் நெடுங்காலம் நம்பினர். 1982-இல் ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் பெரும்பாலான வயிற்றுப் புண்களுக்கு ஒருவகைக் கிருமியே காரணம் எனக் காட்டும் வழியைத் திறந்தனர். நம்ப மறுத்தவர்களுக்காக மார்ஷல் 1984-இல் அக்கிருமியைத் தாமே குடித்து நோயுற்றுக் காட்டினார். இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே வயிற்று வலியோடு வருபவரிடம் கவலைப்படாதே என்று மட்டும் சொல்லி அனுப்புவது மருத்துவமாகாது. செலியேயின் வரலாற்றில் இன்னொரு பாடமும் உண்டு. பிற்காலத்தில் அவர் புகையிலைக் கம்பெனிகளின் பணத்தைப் பெற்று, புகைப்பது உளைச்சலைத் தணிக்கும் என்ற கருத்துக்குத் துணைநின்றார். உண்மையில் புகைப்பவர் பெறும் ஆறுதல், முந்தைய சிகரெட்டு தீர்ந்ததால் உண்டான தவிப்பு அடங்குவதேயாகும். அறிஞர் சொல்வதானாலும் யார் காசில் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

உளைச்சல் பெரிய மனிதர்களின் நோய் என்று பலர் கருதுகின்றனர். மானேஜருக்குத்தான் நெஞ்சு வலி வரும், தோட்டக்காரனுக்கு என்ன கவலை என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இக்கருத்து அடியோடு தவறு என்பதை லண்டன் அரசாங்க அலுவலகங்களில் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு காட்டிற்று. 17,500-க்கு மேற்பட்ட ஆண் ஊழியர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தனர். எல்லோரும் மேசை வேலைக்காரர் அல்லது அலுவலகப் பணியாளர். பட்டினி கிடந்தவர் எவருமிலர். 1978-இல் மைக்கேல் மார்மட்டும் தோழர்களும் முடிவை வெளியிட்டபோது, கடைநிலை ஊழியர் இதய நோயால் இறக்கும் வீதம் உயர் அதிகாரிகளினதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. படிப்படியாக ஏணியில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் சாவு ஒரு படி ஏறியது. புகைத்தலையும் இரத்தக் கொதிப்பையும் கொழுப்பையும் கணக்கில் எடுத்துக் கழித்தபின்னும் வேற்றுமையில் பெரும்பகுதி எஞ்சி நின்றது.

1985-இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாவது வைட்ஹால் ஆய்வு இதற்கு ஒரு விடையைத் தந்தது. வேலை மிகுதியைக் காட்டிலும், அவ்வேலையில் தன் விருப்பத்துக்கு இடமில்லாமையே நெஞ்சைத் தின்கிறது. எதை முதலில் செய்வது, எப்போது ஓய்வது, எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை சிறிதுமில்லாத ஊழியர்க்கே இதய நோய் மிகுந்தது. அதிகாரிக்கும் தலைபோகிற வேலை உண்டு. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தேநீர் அருந்தும் உரிமையும் உண்டு.

நம் மக்களின் நிலையை இக்கண்ணாடியில் பாருங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீட்டு மனைகளுக்கும் மாறியும் போனபின், பெரட்டுக்குப் போன தலைமுறையின் பிள்ளைகள் தொழிற்சாலையில் முறை வேலைக்கும் காவல் பணிக்கும் சென்றனர். ஜொகூரில் பலர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். பெரட்டுக்கும் விடியுமுன் எழுந்தவர்கள்தாமே நாம் என்பர் சிலர். உண்மை, ஆயின் அவர்கள் நாள்தோறும் அதே நேரத்தில் எழுந்து அதே நேரத்தில் படுத்தார்கள். கார்ட்டிசால் காலையில் உயர்ந்து நள்ளிரவில் தாழும் இயல்புடையது. ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு என்று வேலை மாறினால் அந்த ஒழுங்கு சிதைகிறது. மேற்பார்வையாளராக இருக்கும் நம்மவர் ஒன்று செய்யலாம்: அடுத்த வாரத்து வேலை அட்டவணையை முன்கூட்டியே தொங்கவிடலாம், இருவர் தமக்குள் மாற்றிக்கொள்ள இசைவு தரலாம். இதற்குக் காசு செலவில்லை.

இனித் தனிமனிதர் செய்யக்கூடியவை. வயது வந்தோர்க்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும். களைப்புத் தீர மது அருந்திப் படுப்பவர் விரைவில் உறங்கிவிடுவது மெய்தான். ஆனால் இரவின் பிற்பாதியில் அத்தூக்கம் உடைந்துபோகும். மறுநாள் களைப்பு இரட்டிப்பாகும். அதைத் தீர்க்க மீண்டும் புட்டி. எத்தனை குடும்பங்கள் இச்சுழலில் மூழ்கின என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நடை சிறந்த மருந்து. போராடவோ ஓடவோ உடல் திரட்டிய சர்க்கரையைத் தசைகள் செலவிடுவதற்கு அதைவிட நேரான வழியில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2020-இலும் வலியுறுத்திற்று. நாளொன்றுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் போதும்.

மூச்சைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். நெஞ்சின் அடிப்பையும் குடலின் அசைவையும் நாம் விரும்பியவாறு ஏவ முடியாது. மூச்சு ஒன்றே தானாகவும் நடக்கும். நம் சொல்லையும் கேட்கும். ஆகவே உள்ளிருக்கும் இயந்திரத்தைத் தொடுவதற்கு அது ஒரு கைப்பிடி. நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இழுக்கும் மூச்சை ஆறளவுக்குக் குறைத்து, இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால், மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு வேலைசெய்து இதயத்தை மெதுவாக்கும். ஐந்து நிமிடம் செய்து பார்க்கலாம். தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். இது கடனைத் தீர்க்காது. கடன்காரனிடம் பேசும்போது குரல் நடுங்காதிருக்க உதவும்.

பிள்ளைகளின் உளைச்சலை நாம் உளைச்சல் என்றே ஒப்புக்கொள்வதில்லை. மலேசியாவில் ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. பெற்றோர் மனத்திலிருந்த தேர்வு நீங்கவில்லை. வீட்டில் வாய்பாட்டைத் தடையின்றி ஒப்பித்த சிறுவன் கரும்பலகை முன் நின்று விழிக்கிறான். பிடிவாதம் என்கிறோம், பிரம்பைத் தேடுகிறோம். கார்ட்டிசால் மிகும்போது கற்றதை நினைவிலிருந்து எடுக்கும் ஆற்றல் குறைகிறது என்பது இன்று நன்கறிந்த செய்தி. அதட்ட அதட்ட அவனுக்கு மறதி கூடுமேயன்றிக் குறையாது. வைட்ஹாலின் பாடம் வகுப்பறைக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. மூன்று பயிற்சிகளைக் கொடுத்து எதை முதலில் செய்வது என்பதை மாணவனே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டால் முகம் மலர்வதை ஆசிரியர்கள் காணலாம். வேலையின் அளவு குறையவில்லை. அதன்மேல் அவனுக்குச் சிறிது ஆட்சி கிடைத்தது, அவ்வளவே.

மேற்சொன்னவை அன்றாட உளைச்சலுக்கு உரியவை. இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுதும் மனம் இருண்டிருத்தல், உண்ணவும் உறங்கவும் இயலாமை, விரும்பிய எதிலும் விருப்பமின்மை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு ஆகியவை தோன்றினால் அது நோய், மருத்துவரிடமே செல்லவேண்டும். அரசாங்கச் சுகாதார நிலையத்து டாக்டரே முதற்படி. பைத்தியம் என்று பெயர் வருமே என்றஞ்சி மறைப்பவர் நம்மில் பலர். முன்னர்ச் சட்டமும் அவ்வச்சத்துக்குத் துணைநின்றது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவர் குற்றவாளியாக எண்ணப்பட்டார். சிங்கப்பூர் அச்சட்டத்தை 2020-இலும் மலேசியா 2023-இலும் நீக்கிவிட்டன. இத்தகையவர் வீட்டில் இருப்பின் அவரைத் தனியே விடாது, அருகில் அமர்ந்து, நீ சாக நினைக்கிறாயா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது என மனநல மருத்துவர் உறுதி கூறுகின்றனர். மலேசியாவில் 15555 என்ற எண்ணிலும் சிங்கப்பூரில் 1771 என்ற எண்ணிலும் தொலைபேசி வழியே ஆலோசனை பெறலாம்.