கோப்பின் மெய்முகவரி

திருவான்மியூரில் எல்.பி. சாலை என்று மக்கள் வழங்குவதும், கல்கி கிருஷ்ணமூர்த்தி சாலை என்று முகவரியில் எழுதுவதும் ஒரே சாலையே. சென்னை வீடுகள் பலவற்றிற்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு உண்டு. பெயர் பலவாயினும் இல்லம் ஒன்றே. கணிப்பொறியில் கோப்பின் நிலையும் இத்தகையதே.

கோப்பு இருக்குமிடத்தைச் சுட்டும் தொடரைப் பாதை என்கிறோம். அதில் ஒற்றைப் புள்ளி நிற்கும் கோப்புறையையும், இரட்டைப் புள்ளி அதற்கு மேலுள்ள கோப்புறையையும் குறிக்கும். பெயரளவில் ஓரிடத்தில் நின்று, நாடி வந்தவரை வேறிடத்திற்கு அனுப்பும் குறியிணைப்பும் உண்டு. புதிய எண்ணைக் காட்டும் பழைய பலகை போன்றது அது. இதனால் ஒரு கோப்பிற்குப் பல பாதைகள் அமைகின்றன. புள்ளிகளும் இணைப்புகளும் நீங்கிய ஒரே முழுப்பாதையைக் கண்டறிதலே மெய்ப்பாதை காணல்.

1991ஆம் ஆண்டு வெளிவந்த பைத்தான் மொழியில் இதன்பொருட்டு இரு கருவிகளை ஒப்பிடலாம். 'நார்ம்பாத்' எழுத்தை மட்டும் நோக்கிப் புள்ளிகளைக் களையும். 'ரியல்பாத்' வட்டினுள் சென்று ஒவ்வோர் இணைப்பையும் பின்தொடரும். 'சீறா' என்னும் பெயர் வேறிடத்துக் கோப்புறைக்கு இணைப்பாக இருப்பின், அதன்பின் இரட்டைப் புள்ளி இட்டால், முன்னது புறப்பட்ட இடத்திற்கே மீளும். பின்னது இணைப்பு சென்று சேர்ந்த கோப்புறையின் மேலிடத்தைக் காட்டும். இரண்டும் வெவ்வேறு இடங்கள்.

இவ்வேறுபாடு வெறும் இலக்கண நுட்பமன்று. ஒரு கல்லூரி தன் சுவடிப் படங்களைப் 'பொது' என்னும் கோப்புறையில் வைத்து, அதை மட்டும் அனைவரும் காணலாம் என விதித்ததாகக் கொள்வோம். பாதையைப் 'பொது' எனத் தொடங்கி, இரட்டைப் புள்ளிகளை அடுக்கும் ஒருவர், மேலேறி மதிப்பெண் பதிவேட்டையும் எட்டக்கூடும். தொடக்கத்தை மட்டும் நோக்கும் காவல் அவரைத் தடுக்காது. எனவே மெய்ப்பாதையை முதலிற் கண்டு, பின்னரே அனுமதியை ஆராய வேண்டும். அப்போதும் எழுத்தொப்புமை போதாது. 'பொது', 'பொதுக்குழு' இரண்டும் ஒன்றுபோலவே தொடங்குகின்றன. கோப்புறை கோப்புறையாக ஒப்பிடுதலே முறை.

தமிழுக்கென ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறி, யூனிகோடில் ஒரே குறியாகவும், கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு ஒன்று, கணிப்பொறிக்கு இரண்டு. ரியல்பாத் இதனைச் சீர்செய்யாது. குறிகளை ஒருமைப்படுத்தும் பணியைத் தனியே செய்தல் வேண்டும்.

இசுலாமியத் தமிழ்ச் செல்வங்களைக் கணிப்பொறியில் ஏற்ற முனையும் நம் மாணவர்கள் இவ்வொழுங்கை மனத்திற் கொள்வார்களாக. பெயரைக் கண்டு வாயில் திறவாது, இடம் அறிந்து திறப்பதே நல்ல காவல்.