பாட்டிக்கு எந்த இடம்?

கேரவன் சுற்றுலா இந்தியாவில் மெல்ல வேர் பிடிக்கிறது. சமையலறை, ஃபிரிட்ஜ், டி.வி. எல்லாம் இருக்கின்றன. ஒரு குடும்பம் முழுவதும் இரவில் எப்படித் தூங்கும் என்பதுதான் கேள்வி.

நாள் முழுவதும் மலைப்பாதையில் ஏறி வந்த வண்டி தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக நிற்கிறது. சாப்பாடு ஆயிற்று. குழந்தைகள் கண்ணைக் கசக்குகிறார்கள். இதுவரை எல்லாமே விளம்பரத்தில் பார்த்தபடிதான் நடந்திருக்கிறது. சோதனை இனிமேல்தான். மேஜையை மடக்கி, சோபாவை இழுத்துப் படுக்கையாக்க வேண்டும். அதற்கு முன் சோபா மேல் இருக்கும் மூன்று பைகளை வேறு எங்காவது வைத்தாக வேண்டும். அப்பா ஆறடி உயரம். பாட்டிக்கு முழங்கால் வலி; இரவில் இரண்டு முறையாவது எழுந்திருப்பார். கைக்குழந்தை அம்மாவை விட்டு நகராது. பெரியவனுக்கு ஜன்னலோரம்தான் வேண்டும். வண்டியை அமர்த்தும்போது கொடுத்த காகிதத்தில் 'நால்வர் உறங்கலாம்' என்று போட்டிருந்தது. வந்திருப்பது ஐந்து பேர். டிரைவரையும் சேர்த்தால் ஆறு.

கேரவனில் புறப்படும் எந்த இந்தியக் குடும்பத்துக்கும் இந்த இரவு காத்திருக்கிறது. 2021 செப்டம்பரில் கேரள அரசு தன் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. அடுத்த ஆண்டே இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் அம்மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. மகாராஷ்டிரமும் 2021-லேயே இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. கேரளக் கொள்கை இரண்டு வகை வண்டிகளைப் பேசுகிறது. ஒன்று இருவருக்கானது. மற்றது நால்வர் கொண்ட குடும்பத்துக்கானது. படுக்கையாக மாறும் சோபா, ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் அடுப்பு, சாப்பாட்டு மேஜை, கழிப்பறை, டிரைவருக்குப் பின்னால் தடுப்பு என்று வசதிகளின் பட்டியல் நீள்கிறது. ஆனால் நால்வர் என்றால் யார் யார்? அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். காகிதத்தில் குடும்பம் அத்துடன் முடிந்துவிடுகிறது. காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் வேன் பிடித்துப் போகும் குடும்பம் அத்துடன் முடிவதில்லை. பல சமயம் அந்தப் பயணத்துக்குக் காரணமே பாட்டிதான்.

ஓடும் வண்டிக்குள் படுக்கை போடும் கலை இந்தியர்களுக்குப் புதிதல்ல. ரயில் அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. மூன்றடுக்கு ஸ்லீப்பர் பெட்டியில் பகலில் முதுகு சாயும் பலகை இரவில் நடு பெர்த்தாகிறது. பக்கவாட்டில் எதிரெதிராக இருக்கும் இரண்டு இருக்கைகளின் முதுகை மடித்தால் கீழ் பெர்த். கேரவனின் சாப்பாட்டு மேஜையும் சோபாவும் செய்வது இதே வித்தையைத்தான். பக்கவாட்டு பெர்த்தில் படுத்தவர்களுக்கு அதன் குறையும் தெரியும். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் ஒரு மேடு அல்லது பள்ளம். இளைஞனுக்கு அது தெரியாது. அறுபது வயது இடுப்புக்கு விடிய விடியத் தெரியும்.

யாருக்கு எந்த இடம் என்ற கணக்கையும் ரயில்தான் கற்றுக் கொடுத்தது. முதியவர்களுக்குக் கீழ், வாலிபர்களுக்கு மேல், நடுவில் மாட்டிக்கொள்வது யாரோ ஒரு சித்தப்பா. கைக்குழந்தைக்குக் கணக்கே கிடையாது. அது அம்மாவின் பெர்த்தில் சுவரோரமாக ஒண்டிக்கொள்ளும். அம்மா விளிம்பில் ஒருக்களித்தபடி விழித்திருப்பாள். இதை உணர்ந்துதான் 2022 மே மாதம் வடக்கு ரயில்வே லக்னோ மெயிலில் ஒரு சோதனை செய்தது. கீழ் பெர்த்தோடு இணைந்து மடக்கி வைக்கக்கூடிய குழந்தை பெர்த் அது. 77 செ.மீ. நீளம், 25.5 செ.மீ. அகலம். பலகை என்னவோ சிறியதுதான். ஆனால் இரண்டு பேர் படுக்கும் இடத்தை ஒருவர் இடமாக எண்ணி வந்த பழைய கணக்கை அது ஒப்புக்கொண்டது.

வேனில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. 1984-ல் வந்து 2019-ல் உற்பத்தி நின்றுபோன மாருதி ஆம்னியின் வெளி அகலம் 1.41 மீட்டர். அதன் வாரிசான ஈக்கோவுக்கு 1.475 மீட்டர். கதவுகளின் கனத்தைக் கழித்தால் உள்ளே நான்கடிக்குச் சற்று மேல் மிஞ்சும். எனவே பெரியவர் யாரும் குறுக்கே காலை நீட்ட முடியாது. நீளவாக்கில்தான் படுக்க வேண்டும். ஈக்கோவின் மொத்த நீளமே 3.675 மீட்டர்தான். இதில் எஞ்சினும் முன் இருக்கைகளும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பின் ஆறடி தேறுவதே பாடு. ரயில் பெர்த் ஏறத்தாழ இரண்டடி அகலம் என்று வைத்தால், இப்படிப்பட்ட வேனில் இரண்டு பேருக்குத்தான் இடம். மூன்றாவது ஆள் வந்தால் ஒருவர் திரும்பும்போது மற்ற இருவரும் திரும்ப வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு ஜெர்மானியர்கள் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே விடை தேடினார்கள். ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் பொருத்தும் படுக்கைப் பெட்டியை வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-ல் செய்யத் தொடங்கியது. தரையில் இடம் தீர்ந்தபோது கூரையைப் பிடித்தார்கள். வண்டி நின்றதும் கூரை மேலே தூக்கிக்கொள்ளும், பக்கங்களில் கித்தான் துணி, அங்கே படுக்கை. பின் இருக்கை சாய்ந்து கீழ்ப் படுக்கையாகும். சிறு குழந்தைக்கு முன் இருக்கைகளுக்கு மேல் இரண்டு கம்புகளில் கித்தானைக் கட்டித் தூளி போல ஓர் இடம். தூளியில் வளர்ந்த நாட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. இன்றும் உலகம் முழுவதும் சிறிய கேம்பர் வேன்கள் இந்த ஏற்பாட்டின் சாயலில்தான் இருக்கின்றன. மேலே இருவர், கீழே இருவர்.

இங்கே மட்டும் அந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ள முடிவதில்லை. தூக்கும் கூரையின் கித்தான் ஐரோப்பியக் கோடைக்குப் பொருத்தம். கேரளத்தின் ஜூன் மழை அதைப் பொறுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. கூரைப் படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், பாட்டிக்கு முடியாத காரியம். சொந்த வேனையே மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. கூரையை வெட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது.

அதனால் அனுபவசாலிகள் வண்டியை விட்டுவிட்டு ஆட்களிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். இரவில் எழுந்திருப்பவர் யார்? அவருக்குக் கீழே, கதவருகில் இடம். கால் வைக்கும் இடத்தில் செருப்பு, கைக்கு எட்டும் இடத்தில் டார்ச். உயரமானவர் யார்? அவருக்கு நீளமான படுக்கை. கைக்குழந்தை சுவருக்கும் அம்மாவுக்கும் நடுவே. ஆனால் மெத்தைக்கும் சுவருக்கும் இடையே சந்து இருந்தால் போர்வையைச் சுருட்டி அடைத்துவிட வேண்டும். மேல் படுக்கையில் குழந்தையைப் போட்டால் தடுப்பு வலை கட்டாயம். பகலில் பைகள் படுக்கை மேல், இரவில் பைகள் முன் இருக்கை மேல். எனவே இரவுக்கு வேண்டியவற்றை மட்டும் தனிப் பையில் போட்டு வைக்க வேண்டும். வண்டி சரிவில் நிற்க நேர்ந்தால் மேட்டுப் பக்கம் தலை இருக்க வேண்டும்.

வண்டி ஓடும்போது படுக்கலாமா? ரயிலில் படுத்துப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ரயில் தண்டவாளத்தில் போகிறது. வேனுக்கு எதிரே லாரி வருகிறது. படுக்கையில் கிடக்கும் உடலை பிரேக் பிடித்த கணத்தில் நிறுத்துவதற்கு ஒன்றுமில்லை. முன்னோக்கிய பின் இருக்கைகளிலும் பெல்ட் அணிய வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. குழந்தை தூங்கிவிட்டாலும் அதன் இருக்கையில் கட்டிய நிலையில்தான் தூங்க வேண்டும். ஆக, கேரவனில் எத்தனை பேர் உறங்கலாம் என்று கேட்பதோடு எத்தனை பேர் பெல்ட் கட்டி உட்காரலாம் என்றும் கேட்க வேண்டும். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கும் என்ற நிச்சயமில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத விஷயம்: காற்று. 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். அடிதடியோ கொள்ளையோ நடக்கவில்லை. ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரிலிருந்து கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்திருந்தது. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் சோதனை நடத்தி இதை உறுதி செய்தார்கள். இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அமர வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் எச்சரிக்கை தரும். தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுவார். வட இந்தியாவில் குளிர்காலம் தோறும் மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துப் படுத்தவர்கள் இறந்த செய்தி வருகிறதே, அதுவும் இதே வாயுவின் வேலைதான்.

அறையை விட வேன் பல மடங்கு சிறியது. அதில் ஐந்து பேர் மூச்சு விடும்போது காலையில் கண்ணாடியெல்லாம் நீர் வழியும். கொசுவுக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டு, புழுக்கத்துக்காக எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போடுவதுதான் பலரின் முதல் யோசனை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. எதிரெதிரான இரண்டு ஜன்னல்களில் கொசுவலை அடித்துச் சிறிது திறந்து வைப்பது, தூங்கும்போது எஞ்சினையும் ஜெனரேட்டரையும் நிறுத்துவது, குளிர் காய அடுப்பு மூட்டாமல் இருப்பது, கார்பன் மோனாக்சைடை உணர்ந்து ஒலிக்கும் சிறு கருவி ஒன்றை மாட்டுவது ஆகிய நான்கும் மெத்தையை விட முக்கியம். கேரவன் பூங்காக்களின் உண்மையான பயனும் இதுதான். அங்கே மின்சாரம் கம்பியில் வருகிறது. ஜெனரேட்டரின் தயவில் தூங்க வேண்டியதில்லை.

மிஞ்சியிருப்பவர் ஆறாவது ஆள். வாடகைக் கேரவன்கள் இங்கே பெரும்பாலும் டிரைவரோடுதான் வருகின்றன. குடும்பம் உள்ளே படுத்துக்கொள்கிறது. அவர் முன் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே காலை நுழைத்துக்கொண்டு இரவைக் கழிக்கிறார். மறுநாள் கொண்டை ஊசி வளைவுகளில் குடும்பத்தின் உயிர் அந்தத் தூக்கத்தைத்தான் நம்பியிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2023-ல் கட்டட விதிகளைத் திருத்தி, விருந்தினர்களின் டிரைவர்களுக்கு ஓய்வறையும் கழிப்பறையும் தருவதைத் தங்கும் விடுதிகளுக்குக் கட்டாயமாக்கியது. விடுதியில் அவருக்குக் கிடைக்கும் கட்டில் கேரவன் பயணத்திலும் கிடைக்க வேண்டும். முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது அவருக்கும் நல்லது, குடும்பத்துக்கும் நல்லது.

வண்டியை அமர்த்தும் முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். எல்லோரும் ஒருமுறை அதில் படுத்துப் பார்க்க வேண்டும். ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பதும் டி.வி.யைப் போட்டுப் பார்ப்பதும் பிறகு. பகல் வெளிச்சத்தில், வண்டி நிற்கும் இடத்திலேயே, சோபாவை இழுத்துப் போட்டு, பைகளையும் ஏற்றி வைத்துவிட்டு, பாட்டி கதவருகிலிருந்து எழுந்து, யாரையும் மிதிக்காமல் கீழே இறங்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் அது குடும்பத்துக்கான வண்டி. முடியவில்லை என்றால் அவருக்கும் அம்மாவுக்கும் பக்கத்து விடுதியில் ஓர் அறை எடுத்துவிடலாம். குழந்தைகளுக்கு வேனின் கூரை போதும்.